நான்கு கிராம் இரைக்கு எந்த ரீல்? தூண்டில் பழகுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

போச்சம்பள்ளி வட்டத்துப் பாரூர் ஏரிக் கரையில் முதன்முதலாகக் காஸ்டிங் ரீலை வீசிய அன்று, தூண்டில் நரம்பு, அதைச் சுற்றி வைக்கும் உருளையான ஸ்பூலுக்குள்ளேயே காக்கைக்கூடு போலச் சிக்கிக்கொண்டது. ஊக்கை நுழைத்து அரை மணி நேரம் சிக்கெடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பிளேடால் அறுத்தேன். அதற்குள் பக்கத்தில் மூங்கில் கோலும் மண்புழுவுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்று ஜிலேபிகளைக் கரையேற்றிவிட்டு, “ஏம்பா, மீன் புடிக்க வந்தியா, நூல் நூக்க வந்தியா?” என்றார். ரீலில் குறை ஒன்றும் இல்லை. 4 கிராம் இரையை அதில் கட்டியதுதான் தவறு.

மெல்லிய நரம்பு, சிறிய முள், எடை குறைந்த இரை ஆகியவற்றைக் கொண்டு, மிரண்டு கிடக்கும் மீனையும் கடிக்க வைப்பதே ஃபினெஸ் முறையாகும். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாஸ் மீனுக்காக வளர்ந்த முறை இது. அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த நெட் கேடி என்பவரின் பெயரால் வழங்கும் நெட் ரிக் (காளான் வடிவ ஈயத்தலை முள்ளில் குட்டையான மென் இரையைக் கோக்கும் அமைப்பு) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஏரிகளில் பாஸ் கிடையாது என்றாலும், ஜிலேபிக்கும் சிறு கெளுத்திக்கும் மெல்லிய தூண்டில் கட்டும்போது இதே கணக்குதான் வரும்.

முதலில், நீங்கள் வீசப்போகும் இரையை ஈயத்தோடு சேர்த்து ஒரு சிறிய மின்னணுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 7 கிராமுக்குக் கீழே இருந்தால் ஸ்பின்னிங், 10 கிராமுக்கு மேல் இருந்தால் காஸ்டிங், இடைப்பட்டதற்கு எது கைக்குப் பழகியதோ அது என்பது என் தீர்ப்பு. கடையில் ரீலைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு இரையைத் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலை அளப்பது போன்றது.

இந்தக் கணக்கின் காரணம் ஸ்பூலில் இருக்கிறது. ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்க, பறக்கும் இரை நரம்பை வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகிறது. ராடின் மேல் உட்காரும் காஸ்டிங் ரீலிலோ, இரை ஸ்பூலையே சுழற்றியாக வேண்டும். எடை குறைந்த இரைக்கு அந்த விசை இல்லாததால் நாம் கையை ஓங்கி வீசுகிறோம்; எதிர்க்காற்றில் இரை வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுழன்றுகொண்டே இருக்க, வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்துவிடுகிறது. கட்டைவிரலால் ஸ்பூலை அளவாக அழுத்தி இதைத் தடுக்கலாம், ஆனால் அந்த அளவு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். 2 கிராம் இரையையும் வீசும்படி மிக இலேசான ஸ்பூலோடு வரும் காஸ்டிங் ரீல்களும் உண்டு. அவற்றின் விலையும் நுணுக்கமும் புதியவருக்கு வேண்டாம்.

ராடு ஆறரை முதல் ஏழு அடி நீளமும், நுனி மட்டும் எளிதில் வளையும் தன்மையும் உடையதாக இருக்கட்டும். 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும்.

அடுத்து நரம்பு. 10 பவுண்டு வரை இழுவை தாங்கும் பின்னல் நரம்பை (பல இழைகளைப் பின்னியது) அப்படியே ஸ்பூலில் சுற்றினால் வழுக்கும் என்பதால், அடியில் சாதாரணத் தங்கூஸை ஐந்தாறு மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் போதும். விளிம்பு வரை நிரப்பினால் நரம்பு கொத்தாக வெளியே விழும். முனையில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பை இணைத்து, முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த முடிச்சு இறுகும் சூட்டிலேயே பலம் இழந்துவிடும்.

டிராக் எனப்படும் இழுவிசைத் திருகை அமைக்க, ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த பாட்டிலை நரம்பில் கட்டி, ரீலிலிருந்து நேராகத் தூக்குங்கள். ராடை வளைத்துத் தூக்கினால் கணக்குத் தப்பும். பாட்டில் தரையைவிட்டு எழும் தறுவாயில் ஸ்பூல் மெல்ல வழுக்கினால், 8 பவுண்டு நரம்புக்கு அது சரியான அளவு.

வீசும்போது நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் தாங்கி, பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பி) திறந்து, ராடு முன்னோக்கி வரும்போது விரலை விடுங்கள். இரை நீரில் விழுந்ததும் கம்பியைக் கையாலேயே மூடி, தளர்ந்த நரம்பை ஒருமுறை இழுத்துவிடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடும் பழக்கத்தால்தான் முறுக்கும் தளர்ந்த கண்ணிகளும் சேருகின்றன.

ஆகாயத்தாமரைக்குள் பதுங்கும் விராலுக்கு இந்தக் கருவி உதவாது. 12 கிராம் தவளை இரையைச் செடிமேல் இழுத்து, கடித்த மீனைத் தழைக்குள் புகவிடாமல் வெளியேற்றத் தடித்த நரம்பும் காஸ்டிங் ரீலும்தான் வேண்டும். அந்த ஆசை வந்த பிறகு இரண்டாவது கருவியை வாங்கலாம்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையானாலும் ஊர் ஏரியானாலும், மீன்வளத் துறையிடமோ குத்தகைதாரரிடமோ அனுமதி கேட்ட பிறகே தூண்டில் போடுங்கள். அதற்கு முன், அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில், மேலே மின்கம்பி போகாத இடமாகப் பார்த்து (கார்பன் ராடில் மின்சாரம் பாயும்), 15 மீட்டர் தொலைவில் ஒரு முறத்தை வைத்து, முள் இல்லாத 5 கிராம் ஈயத்தை வீசிப் பழகுங்கள். பத்துக்கு ஆறு முறை ஈயம் முறத்துக்குள் விழும் வரை முள்ளைக் கட்ட வேண்டாம்.