பேங்க் பிஓ (ப்ரொபேஷனரி ஆபீசர்) இன்டர்வியூல நம்ம பசங்க திரும்பத் திரும்ப பண்ற தப்பு

மெயின்ஸ் எழுத்துத் தேர்வு கிளியர் ஆகி இன்டர்வியூ கால் லெட்டர் வந்த உடனே எல்லாரும் ஆறு மாச கரன்ட் அஃபேர்ஸ் பிடிஎஃப்ப எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்துடுறாங்க. நானும் அப்படித்தான் போனேன். உள்ள போனதும் முதல் கேள்வியே, "சொந்த ஊர் கரூரா, அங்க என்னென்ன பேங்க் ஆரம்பிச்சாங்க?" கரூர் வைஸ்யா பேங்க்னு சொன்னேன், எந்த வருஷம்னு கேட்டாங்க, தெரியல. 1916. லட்சுமி விலாஸ் பேங்க்கும் 1926ல எங்க ஊர்ல தான் ஆரம்பிச்சது, வராக்கடன் ஏறி மூலதனம் கரைஞ்சு போய் 2020 நவம்பர்ல டிபிஎஸ் பேங்க்கோட சேர்த்துட்டாங்க, அப்போ கொஞ்ச நாள் 25,000 ரூபாய்க்கு மேல பணம் எடுக்க முடியாம எங்க தெருவுலயே ஆளுங்க தவிச்சாங்க. இத நான் கண்ணால பாத்திருக்கேன், ஆனா அங்க ஒரு வார்த்தை வரல, ஏன்னா இதையெல்லாம் கேப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல.

அதனால ஊர், காலேஜ், டிகிரி, ஹாபி, முன்னாடி பாத்த வேலைன்னு உங்க பயோடேட்டால இருக்கற ஒவ்வொரு வரிக்கும் அஞ்சாறு கேள்வி நீங்களே எழுதிப் பாருங்க. ரீடிங்னு போட்டா கடைசியா என்ன படிச்சீங்கன்னு கண்டிப்பா வரும்.

அடுத்தது மனப்பாடம். என்பிஏன்னா (வராக்கடன்) என்னன்னு கேட்டா 90 நாளுக்கு மேல தவணை கட்டாம நிக்கற கடன்னு எல்லாரும் டக்குனு சொல்லிடுறாங்க, அப்போ நெல்லு போட்டவருக்கு குடுத்த பயிர்க்கடனுக்கும் 90 நாள் தானான்னு கேட்டா அமைதி. குறுகிய காலப் பயிருக்கு ரெண்டு சாகுபடி பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம்னு கணக்கு, ஏன்னா அறுவடை முடிஞ்சா தான் அவர் கையில காசு. இந்த "ஏன்" தெரிஞ்சா அடுத்த கேள்விக்கு பயப்பட வேணாம். ரெப்போ ரேட்டும் (ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குகளுக்கு குடுக்கற கடனோட வட்டி) அதே மாதிரி தான், எவ்ளோங்கறதோட நிறுத்தாம அது ஏறினா நம்ம வீட்டுக் கடன் இஎம்ஐ என்ன ஆகும்ங்கற வரைக்கும் யோசிச்சிட்டு போங்க.

இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஏன் பேங்க்னு கேட்டா யூடியூப்ல வர்ற பதில ஒப்பிக்காதீங்க, அத அவங்க காலைல இருந்து பத்து பேர் வாயில கேட்டிருப்பாங்க. தெரியாதத தெரியல சார்னு சொல்லிடுங்க, அடிச்சு விட்டா அதையே பிடிச்சு உள்ள இழுப்பாங்க.

ஐபிபிஎஸ் நடத்துற பிஓ தேர்வோட ஃபைனல் மெரிட்ல மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூக்கு 20 பங்கு தான், ஆனா இன்டர்வியூல 100க்கு 40 (எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35) எடுக்கலன்னா மெயின்ஸ் மார்க் எவ்ளோ இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சர்டிபிகேட்டும் முக்கியம். நம்ம ஊர் பிசி, எம்பிசி கம்யூனிட்டி சர்டிபிகேட் மட்டும் பத்தாது, ஓபிசி கோட்டாவுக்கு மத்திய அரசு ஃபார்மட்ல புதுசா வாங்கின நான் கிரீமி லேயர் சர்டிபிகேட் (வசதியான பிரிவுல வரலன்னு காட்டறது) வேணும். அப்புறம் ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், அத கால் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க, கடைசி வாரத்துல தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவைக்கும் அலையறப்போ படிக்கவே நேரம் இருக்காது.