செபமாலை மெழுகுதிரியும் பிளாஸ்டிக் பூவும்

கத்தோலிக்கர்களுக்கு அக்டோபர் செபமாலை மாதம். தினமும் இரவு மாதா சுரூபத்துக்கு முன்னால் ரெண்டு மெழுகுதிரி ஏற்றி வைப்போம். போன வருடம் ஒரு நாள், செபமாலையின் நாலாவது தேவ இரகசியம் (தியானப் பகுதி) சொல்லிக்கொண்டிருந்தபோது ஃபேன் காற்றில் சுடர் சாய்ந்து பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தைப் பிடித்துவிட்டது. அது உருகி எரிந்தபடியே மேசைவிரிப்பில் சொட்ட, அம்மா ஈரத் துண்டைப் போட்டு அமுக்கினார். கருகல் நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை.

பூ மட்டும் காரணமில்லை, மெழுகை உருக்கி மரத்தின்மேல் நேராக ஒட்டி நிறுத்தியதும் தப்புதான். இப்போது அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் காய்ந்த மணல் நிரப்பி, மெழுகுதிரியை 2 அங்குலம் ஆழமாக ஊன்றி, கிண்ணத்தைத் தாம்பாளத்தில் வைக்கிறேன். சாய்ந்தாலும் மணலில்தான் விழும். ரெண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, இல்லாவிட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்துவிடுகிறது. திரி நூல் நீண்டிருந்தால் சுடர் உயர்ந்து கரி கக்கும், அதனால் ஏற்றும் முன் கால் அங்குலம் விட்டு நறுக்கிவிடுவேன். ஃபேனை நிறுத்திவிடுகிறோம், வியர்த்தாலும் பரவாயில்லை.

ஒன்று மறக்காதீர்கள்: உருகிய மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எண்ணெய்த் தீ மாதிரி சீறித் தெறிக்கும். மூடி போட்டோ மணல் கொட்டியோ அணையுங்கள்.

அப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் அதே கிண்ணத்தைப் பையில் எடுத்துப் போனோம், தங்கச்சியைத் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளச் சொன்னேன், கல்லறையைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லை அப்பா முதலிலேயே பிடுங்கிப் போட்டார்.