டிக்கெட்டின் பின்பக்கம்

நாடகமோ கச்சேரியோ முடிந்ததும் போனை எடுக்காமல், டிக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்றே வரி எழுதுங்கள். "அருமை", "பிரமாதம்" எல்லாம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவை எதையும் நினைவூட்டாது. வசனம் மறந்த நடிகர் சால்வையைச் சரிசெய்து சமாளித்தது, வயலின்காரர் பாதியில் சுருதி சேர்க்கும் பிருடையைத் திருகியது, இப்படிக் கண்ணில் பட்டதை எழுதுங்கள். தேதியையும்தான். பில் தாளில் அச்சான டிக்கெட் என்றால் அதில் அச்சிட்ட தேதி நாளடைவில் வெளுத்துவிடும்.

பயணத்தில் மியூசியம் போனால் ஓவியத்தின் அளவையும் குறியுங்கள். போட்டோவில் எல்லாமே ஒரே அளவுதான். பாரிஸின் லூவர் மியூசியத்தில் இருக்கும் மோனாலிசா வெறும் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம் என்பது நேரில் பார்க்கும்போதுதான் உறைக்கும். அப்புறம், பென்சிலே கொண்டுபோங்கள். பல மியூசியங்களில் ஓவியங்களுக்கு அருகே பேனாவை எடுக்க விடமாட்டார்கள்.