வீட்டில் 50 பட்டுப்புழு: இலையிலிருந்து முட்டை வரை

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். புழு மனை வாசலில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். ஒரு தடவைக்கு 100 முட்டைத் தொகுதி வாங்குவார் அப்பா, ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டை ஒரு தொகுதி. அதிலிருந்து ஏறக்குறைய 40,000 புழு வரும். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, கை கழுவித்தான் உள்ளே போகவேண்டும். பவுடர் பூசிக்கொண்டு போனால்கூட ஆயா, எங்கள் பாட்டி, விடமாட்டார். ராத்திரி பத்து மணித் தீனி போட்டதும் அத்தனை புழுவும் இலையைக் கடிக்கும். ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுகிற சத்தம் அது. அதைக் கேட்டபடிதான் தூங்குவேன்.

அப்படி வளர்ந்தும், கல்யாணமாகி தாம்பரத்துக்கு வரும்வரை பட்டுப்பூச்சி எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. கூடு கட்டின ஆறாம் நாள் பிடுங்கி மூட்டை போட்டு, தர்மபுரிக்கோ ராமநகரத்துக்கோ விற்பனைக்கு ஏற்றிவிடுவோம். உள்ளிருந்து பூச்சி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும், நீளமாக நூல் இழுக்க முடியாது. அதனால் அது வருவதற்கு முன்பே சூட்டில் போட்டுவிடுவார்கள். பாதிக் கதைதான் எங்கள் வீட்டில் நடந்தது. மீதியை என் மகளோடு சேர்ந்து முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு விற்கும் கட்டாயம் இல்லை. அதனால் கூட்டோடு நிறுத்திவிடாதீர்கள், முட்டை வரைக்கும் போங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இலையைத் தேடுங்கள், புழுவை அப்புறம் தேடலாம். இந்தப் புழு மல்பெரியைத் தவிர வேறு எதையும் நம்பி வளராது. ஒரு புழு தன் வாழ்நாளில் 20 முதல் 25 கிராம் இலை தின்னும். 50 புழுவுக்கு ஒன்றேகால் கிலோ, வாடுவதையும் கழிப்பதையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடைசி ஒரு வாரத்தில் போகும். பலரும் ஏமாறுவது இங்கேதான். தொட்டியில் இருக்கிற ஒரு செடியைப் பார்த்து, "போதும், இத்தனூண்டு புழுதானே" என்று தோன்றும். கடைசி வாரம் அந்தச் செடியை ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும். பக்கத்தில் நன்றாக வளர்ந்த மரம் ஒன்றாவது இருக்கவேண்டும்.

அந்த மரத்துக்கு யார் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் ஒரு இலையும் பறிக்காதீர்கள். முதல் வருஷம் நான் கேட்கவில்லை. அடுத்த தெரு வீட்டு மரத்தில் மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலைத் தீனி போட்டு ஒரு மணி நேரத்தில் புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டி, பச்சையாக வாந்தியெடுத்து, உடம்பு சுருங்கிக் கிடந்தன. 50-ல் 46 போய்விட்டது. என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புது மரத்து இலை எதுவானாலும் இரண்டு புழுவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்து அதைக் கொடுப்பேன். அரை நாள் பார்ப்பேன். அவை நன்றாக இருந்தால்தான் மற்றவைக்குப் போடுவேன். மருந்து அடித்த மரமென்றால் மூன்று வாரமாவது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காலையில் பனி உலர்ந்ததும் அல்லது சாயங்காலம் பறியுங்கள். ஈர இலை ஆகாது. ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் எடுத்ததும் போடக்கூடாது, சில்லிப்பு போகும்வரை வெளியே வைத்து, ஒவ்வொரு இலையாகத் துடைத்துப் போடவேண்டும்.

புழு எங்கே கிடைக்கும்? பட்டு விவசாயிகள் இப்போது முட்டையிலிருந்து தாங்களே வளர்ப்பது குறைவு. இளம்புழு வளர்ப்பு மையங்களில், நாங்கள் சாக்கி சென்டர் என்போம், இரண்டாவது தோலுரிப்பு வரை வளர்த்துக் கொடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஈரோட்டுத் தாளவாடி, உடுமலைப்பேட்டை என்று பட்டு வளர்க்கிற ஊர்களில் தெரிந்த விவசாயி இருந்தால், 40,000-த்தில் 50 கேட்டால் சும்மாவே கொடுப்பார். நான் தம்பியிடம் வாங்குகிறேன். புழு தோலுரிக்கப் படுத்திருக்கும்போதே, படுத்த இலையோடு அப்படியே கொண்டுவந்துவிடுங்கள், அப்போது தீனி கேட்காது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், ராத்திரி பஸ்ஸில், வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்ந்துவிடவேண்டும். மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை எனக்குச் சரியாக வருகிறது. சித்திரை வெயிலில் சென்னையில் ஆரம்பிக்காதீர்கள். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரிதான் பிடிக்கும்.

பெட்டி பெரிய விஷயமில்லை. ஒரு சதுர அடிக்கு 50 புழு வரை தாங்கும் என்றாலும் நான் இரண்டு சதுர அடி கொடுப்பேன். அடியில் செய்தித்தாள், மேலே கொசுவலை. வலை கட்டாயம். ஊசி ஈ என்று ஒன்று உண்டு, புழுவின் உடம்பின் மேல் முட்டை வைத்துவிடும், பிறகு அந்தப் புழு தப்பாது. மேஜையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்புக்கு. பல்லிக்கு வலையே போதும். அந்த அறையில் கொசுவத்தி, கொசு மருந்து, சென்ட், சிகரெட் எதுவும் வேண்டாம். புழுவின் பக்கத்துக்கு ஒன்பது கரும்புள்ளி தெரியும் பாருங்கள், அவைதான் மூக்கு. அறையில் என்ன புகை இருந்தாலும் அந்தப் பதினெட்டு வழியிலும் உள்ளே போகும்.

ஒரு நாளைக்கு மூன்று தீனி. நான் காலை ஆறு, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்பதரை என்று வைத்திருக்கிறேன். மதியத் தீனியை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். கழிவையும் காய்ந்த இலையையும் தினம் ஒரு தரம் எடுத்துவிடவேண்டும். புழுவைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், காலைப் பிய்த்துக்கொள்ளும். ஒரு வலையை மேலே விரித்து அதன் மேல் புது இலை போட்டால் தானே ஏறிவரும், வலையோடு தூக்கிக் கீழே சுத்தம் செய்யலாம்.

இப்போது தோலுரிப்பு. எங்கள் வீட்டில் இதை ஜுரம் என்போம். பட்டுப்புழு நாலு தடவை தோல் மாற்றும், ஐந்து பருவம் கடக்கும். உங்களிடம் வரும்போது இரண்டு முடிந்திருக்கும், இன்னும் இரண்டு பார்ப்பீர்கள். தீனி குறையும். உடம்பு பளபளவென்று இறுகும். தலை சின்னதாகத் தெரியும், அதன் பின்னால் முக்கோணமாக ஒரு கருமை. பிறகு முன்பாதியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். மூன்றாவது ஜுரம் ஒரு நாள், நாலாவது ஒன்றரை நாள் வரை.

முதல் தடவை பார்த்த என் மகள், "அம்மா, எல்லாம் செத்துப்போச்சு" என்று ஓடிவந்தாள். தொட்டுப் பார்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் புழு தன் பழைய தோலைப் பட்டு இழையால் இலையில் ஒட்டிவைத்திருக்கும், அந்தப் பிடிமானத்தை வைத்துத்தான் முன்பக்கமாக வழுக்கி வெளியே வரும். நாம் நகர்த்தினால் பிடிமானம் போய்விடும், தோல் பாதியில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். தொடவேண்டாம், இலை போடவேண்டாம். படுக்கை காய்ந்திருக்க மெல்லிய துணியில் சுண்ணாம்புத் தூளைக் கட்டி மேலே லேசாகத் தட்டிவிடுங்கள். எழுந்த புழு பசியோடு அலையும், மனசு கேட்காது. இருந்தாலும் பத்துக்கு ஒன்பது எழுந்த பிறகுதான் தீனி. முந்தி எழுந்ததற்கு முந்திக் கொடுத்தால் கூட்டமே முன்னும் பின்னுமாகப் பிரிந்து, கூடு கட்டும்வரை அந்த வித்தியாசம் போகாது. "எல்லாரும் எந்திரிச்சாத்தான் பந்தி" என்பார் ஆயா.

நாலாவது ஜுரம் தெளிந்தால் ஐந்தாம் பருவம். ஏழு, எட்டு நாள். பொரிக்கும்போது 3 மில்லிமீட்டர் இருந்த புழு இப்போது 7, 8 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 10,000 மடங்கு கூடிவிடும். பெரிய இலையை நறுக்காமல் அப்படியே போடுங்கள். இந்த வாரத்தில் ஒரு புழுவின் முதுகை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நடுமுதுகில் ஒரு கோடு வாலிலிருந்து தலைப்பக்கமாகத் துடித்துக்கொண்டு போகும். அதுதான் இதயம். என் மகள் கடிகாரம் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

நோய் வந்தால் பெரும்பாலும் இந்த வாரத்தில்தான் வெளியே தெரியும். உடம்பு ஊதி, கணுவுக்குக் கணு வளையமாகப் புடைத்து, பெட்டி விளிம்பில் ஊர்ந்துகொண்டே இருக்கிற புழு பால்புழு. தோல் கிழிந்தால் பால் மாதிரி ஒழுகும், அந்தப் பால் பட்ட இலையைத் தின்கிற புழுவுக்கும் தொற்றும். குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் போடுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்து வெள்ளையாக, கட்டியாகக் கிடந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய், குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை அது. இரண்டுக்கும் வீட்டில் மருந்து இல்லை. காய்ந்த படுக்கை, காற்றோட்டம், சுத்தமான கை, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் வாக்கில் புழு பழுக்கும். தீனியை விட்டுவிட்டு, உடம்பு மஞ்சளோடிக் கண்ணாடி மாதிரி ஆகி, தலையைத் தூக்கி எதையோ தேடும். ஊரில் சந்திரிகை இருக்கிறது, மூங்கில் பாயில் சுருள் சுருளாகப் பிளாச்சு கட்டியது. வீட்டுக்குக் கோழிமுட்டை அட்டையே போதும், அல்லது காகிதத்தை விரலளவு குழலாகச் சுருட்டி அடுக்குங்கள். ஒரு குழிக்கு ஒரு புழு. இரண்டை ஒரே இடத்தில் விட்டால் சேர்ந்து ஒரே கூடு கட்டிவிடும். கட்டுவதற்கு முன் வயிற்றைக் காலி செய்து நீர் விடும், கீழே காகிதம் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். புழுக்கமான அறையில் வைக்காதீர்கள். தலையை எட்டு போட்டு எட்டு போட்டு, இரண்டு, மூன்று நாள் நிறுத்தாமல் நூற்கும். வெள்ளைக் கூட்டு ரகத்தில் அந்த ஒற்றை இழை ஏறக்குறைய 1,000 மீட்டர் இருக்கும். தூரம் எவ்வளவு என்று மகளுக்குக் காட்ட, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போய்த் திரும்பினோம்.

ஆறாம் நாள் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினால் உள்ளே கூட்டுப்புழு தட்டும். எங்கள் அப்பா மூட்டை கட்டுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். நீங்கள் கூட்டை அப்படியே ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். நூற்க ஆரம்பித்த நாளிலிருந்து 15, 16 நாள் ஆகும். விடியற்காலையில் பாருங்கள். கூட்டின் ஒரு முனை நனையும். பூச்சி ஒரு நீரை உமிழ்ந்து, இழைகளை ஒட்டியிருக்கும் பசையை இளக்கி, விலக்கிக்கொண்டு வரும். ஈரமாகக் கசங்கி வரும், அரை மணியில் இறக்கை விரிந்து வெண்மையாகிவிடும். நான் அன்று ஆறு மணித் தண்ணீர் பிடிக்கவில்லை, பால் பொங்கி வழிந்தது, தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை லட்சம் கூடு எங்கள் கையால் போயிருக்கும், ஒன்றிலிருந்தும் இது வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இதற்குத் தீனி வேண்டாம், தின்ன வாயே இல்லாத மாதிரிதான். பறக்கவும் பறக்காது, ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் வளர்த்து வளர்த்து அந்தப் பழக்கம் போய்விட்டது. வயிறு பெருத்து ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது பெண். இறக்கையைப் படபடவென்று அடித்துச் சுற்றிச் சுற்றி வருவது ஆண். பெண்ணின் வால் நுனியிலிருந்து வரும் வாசனையை ஆண் தன் சீப்பு மாதிரியான உணர்கொம்பில் பிடிக்கும். அந்த வாசனைப் பொருளை 1959-ல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனான்ட் பிரித்தெடுத்துக் காட்டினார், ஐந்து லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. பூச்சிகள் இப்படிப் பேசிக்கொள்ள உதவும் பொருட்களில் முதன்முதலில் அடையாளம் கண்டது அதுதான். உங்கள் சமையலறையில் ஒரு பெண்ணை ஒரு மூலையில் வைத்து, ஆணை ஓரடி தள்ளி விட்டுப் பாருங்கள்.

சேர்ந்த ஜோடியை மூன்று, நாலு மணி நேரம் கழித்து மெதுவாகப் பிரித்து, பெண்ணை வெள்ளைக் காகிதத்தில் விட்டு ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். விடிவதற்குள் 400, 500 முட்டை இருக்கும். முட்டையிட்ட பூச்சி ஒரு வாரம் போல இருந்துவிட்டு அடங்கிவிடும்.

முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும். இரண்டு, மூன்று நாளில் பழுப்பாகிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பினால் கரு இருக்கிறது, உறங்கப்போகிறது என்று அர்த்தம். மஞ்சளாகவே இருந்து குழிவிழுந்தால் கரு இல்லை. இந்த முட்டைகளை ஊர் விவசாயி யாருக்கும் கொடுக்காதீர்கள். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கு இறங்குகிற பெப்ரின் என்ற நோய் உண்டு, 1860-களில் பிரான்ஸில் பட்டுத் தொழிலையே சாய்த்தது. முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோயிருந்தால் அந்த முட்டையை எரிக்கும் முறையை லூயி பாஸ்டர் கொண்டுவந்தார். இன்றைக்கும் விவசாயிகளுக்கு முட்டை தயாரித்துக் கொடுக்கும் வித்தகங்களில் தாயைச் சோதித்துத்தான் முட்டை வெளியே வருகிறது. நம் டம்ளரில் அந்தச் சோதனை கிடையாது. வீட்டில் அதிகமாகிவிடும் முட்டையை எரித்துவிடுங்கள், 50 போதும்.

உறங்கும் முட்டைக்குக் குளிர் கிடைத்தால்தான் விழிக்கும். ஒன்றரை மாதம் அறையிலேயே வைத்து, பிறகு காற்றுப் புகும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மூன்று மாதமாவது இருக்கட்டும். மழைக்கு மல்பெரி துளிர்விட்டதும் வெளியே எடுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் முட்டையில் ஒரு கரும்புள்ளி தெரியும், மறுநாள் முழுதும் நீலமாகும். புள்ளி தெரிந்ததும் கறுப்புத் துணியால் மூடி இருட்டில் வைத்து, இரண்டாம் நாள் விடியற்காலை திறந்து வெளிச்சம் காட்டினால் ஒரே காலையில் பொரிக்கும். எறும்பு மாதிரி கறுப்பாக, மயிரோடு இருக்கும்.

உச்சியிலிருந்து மூன்றாவது, நாலாவது மினுமினுக்கும் இலையைப் பறித்து அரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கித் தூவுங்கள். இலைக்கு ஏறாதவற்றைக் கோழி இறகால் தள்ளிவிடுங்கள், விரல் வேண்டாம். இலை காயாமல் இருக்க அடியிலும் மேலேயும் மெழுகுக் காகிதம் போட்டு, ஓரத்தில் ஈரப் பஞ்சு வையுங்கள், இந்த வயதில் 27, 28 டிகிரி வேண்டும். நாலாம் நாள் முதல் ஜுரம்.