அமெரிக்கப் படைவீரரின் இறுதிச் சடங்கு: குடும்பம் என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்பது?

அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் காலமானால் கல்லறை, நினைவுக்கல், கொடி எனப் பலவற்றை அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் பெரும்பாலானவற்றைக் கேட்டால்தான் தரும்.

முதல் வேலை, டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றைத் தேடி எடுப்பது. எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, எந்த நிலையில் விடுவிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். அவமதிப்புடன் வெளியேற்றப்பட்டவருக்கு இச்சலுகைகள் கிடையாது. சான்று தொலைந்தால் செயின்ட் லூயிஸிலுள்ள ஆவண மையத்தில் நகல் கேட்கலாம். ஆனால் 1973இல் அங்கே பற்றிய தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. ஆகவே 1960க்கு முன் தரைப்படையில் இருந்தவர் என்றால் வீட்டுப் பீரோவையே நன்றாகத் துழாவுங்கள்.

இரண்டாவது, அவர் இருக்கும்போதே படைவீரர் நலத்துறைக்கு 40-10007 படிவத்தை அனுப்பி, தேசியக் கல்லறையில் அடக்கம் செய்வதற்கான தகுதியை உறுதிசெய்துகொள்வது. இந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் படிவம் அனுப்பியதாலேயே குறிப்பிட்ட இடம் எதுவும் ஒதுக்கப்படாது.

இறந்த பிறகு, இறுதிச் சடங்கு நிலையத்தார் மூலமாகவோ நீங்களாகவோ படைவீரர் நலத்துறையின் தேசியக் கல்லறையில் இடம் கேட்கலாம். குழி, கல், நிரந்தரப் பராமரிப்பு எல்லாம் இலவசம். கணவர் அல்லது மனைவிக்கும் அங்கே இடமுண்டு, அவர் முந்திக்கொண்டாலும்கூட. சவப்பெட்டிச் செலவும் தகனச் செலவும் உங்களுடையவை. வாஷிங்டன் அருகே உள்ள புகழ்பெற்ற ஆர்லிங்டன் தேசியக் கல்லறை மட்டும் தரைப்படையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே விதிகள் கடுமை.

ராணுவ மரியாதையையும் அப்போதே கேளுங்கள். சீருடையில் குறைந்தது இருவர் வந்து, கொடியை மடித்துக் குடும்பத்திடம் தருவார்கள். படைவீரர் இறுதிச் சடங்கில் ஊதப்படும் 'டாப்ஸ்' என்ற எக்காள இசை ஒலிக்கும். கொடிக்கான படிவம் 27-2008. கொடி ஒன்றுதான், ஆகவே யாரிடம் இருப்பது என்று உடன்பிறந்தவர்கள் முன்பே பேசிவிடுவது நல்லது. குடியரசுத் தலைவர் பெயரில் வரும் நினைவுச் சான்றிதழில் அந்தச் சங்கடம் இல்லை. 40-0247 படிவத்தில் பல பிரதிகள் கேட்கலாம். குடியரசுத் தலைவராக இருந்த கென்னடி 1962இல் தொடங்கிய வழக்கம் அது.

தனியார் கல்லறையில் அடக்கம் என்றால் கல் கேட்க 40-1330 படிவம். கல்லும் அதை அனுப்பும் செலவும் அரசுடையவை, நடும் கூலி உங்களுடையது. கல்லில் சிலுவை, பிறை போல ஓம் சின்னமும் பொறிக்கலாம். அஸ்தியை முழுவதும் நீரில் கரைத்துவிட்டோமே, இனிக் கல் எதற்கு என்று நம்மவர்கள் விட்டுவிடக் கூடாது. உடல் கிடைக்காத, அஸ்தி கரைக்கப்பட்ட வீரர்களுக்கென்றே நினைவுக்கல் உண்டு. நடுகல் நட்ட மரபில் வந்தவர்களுக்கு இது புதிதா என்ன?

கடைசியாகப் பணம். 21பி-530ஈஇசட் படிவத்தில் அடக்கச் செலவுக்கான உதவித்தொகை கோரலாம். பணி சார்ந்த காரணத்தால் இறந்திருந்தால் 2,000 டாலர் வரை கிடைக்கும், காலக்கெடு இல்லை. மற்ற இறப்புகளில் எல்லோருக்கும் கிடைக்காது. ஓய்வூதியமோ ஈட்டுத்தொகையோ பெற்றுவந்தாரா என்பது போன்றவற்றைப் பார்ப்பார்கள். பொதுவாக அடக்கமோ தகனமோ நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துறையின் பதிவில் துணைவராக இருப்பவருக்கு மட்டும், தகுதி இருந்தால், இறப்பைத் தெரிவித்ததும் விண்ணப்பிக்காமலே பணம் வந்துவிடும்.