வைட்டல்ஸ்: அளப்பதும், அளந்ததைச் சொல்வதும்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். வார்டில் விளக்கிய சிஸ்டர் கன்னடத்திலோ மலையாளம் கலந்த ஆங்கிலத்திலோ சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். இத்தனை மொழிகளுக்கு நடுவே எண் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டிய சொல்தான் தொலைந்துபோகிறது. இந்த ஊர் வார்டுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், வீட்டில் எப்படி அளப்பது, அளந்ததை மருத்துவரிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்பதை எழுதுகிறேன்.

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் வைட்டல்ஸ் என்கிறோம். ஆக்சிஜன் அளவை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கேஸ் ஷீட்டில் டி.பி.ஆர். என்று இருந்தால் அது முதல் மூன்றையும் குறிக்கும். சர்க்கரை அளவையும் மருத்துவர் கூடவே கேட்பார் என்றாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 37 டிகிரி செல்சியஸும் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான்; 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட், வந்தால் அதைக் காய்ச்சல் என்று கொள்கிறார்கள். அக்குளில் வைத்து எடுத்தால் வாயில் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், எங்கே வைத்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்மரியில் ‘ஃபெப்ரைல்’ என்றிருந்தால் காய்ச்சல் இருக்கிறது என்றும், ‘ஏஃபெப்ரைல்’ என்றிருந்தால் இல்லை என்றும் பொருள். முன்னால் நிற்கும் ‘ஏ’ என்ற ஒரே எழுத்தைக் கவனிக்காமல், காய்ச்சலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாடியை, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதில் உள்ள துடிப்பை நோயாளியின் துடிப்பாக எண்ணிவிட வாய்ப்புண்டு. பெரியவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நூறைத் தாண்டினால் ‘டேக்கிகார்டியா’, அறுபதுக்குக் கீழே போனால் ‘பிராடிகார்டியா’. கிரேக்கத்தில் முன்னதன் முதற்பகுதிக்கு வேகம் என்றும் பின்னதன் முதற்பகுதிக்கு மந்தம் என்றும் பொருள். துடிப்பு ஒரே சீராக வந்தால் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். இடையிடையே தவறி விழுவதுபோல் இருந்தால் முழு நிமிடமும் எண்ணி, எண்ணிக்கையோடு ‘இர்ரெகுலர்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவருக்கு எண்ணைவிட அந்தச் சொல் அதிகம் உதவும்.

மூச்சை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்ன மறுகணமே அவர் தம்மை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்த்து முடித்த பிறகும் விரல்களை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, மார்போ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணுவோம். 12 முதல் 20 வரை இயல்பு. அதற்கு மேல் ‘டேக்கிப்னியா’. ‘டிஸ்ப்னியா’ என்பது எண்ணிக்கை அல்ல, மூச்சுத் திணறல் என்ற உணர்வு. படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் தணிவதற்கு ‘ஆர்த்தாப்னியா’ என்று பெயர். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று மருத்துவர் கேட்பது இதை அறியத்தான். இந்த ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “உசிராட்டத தொந்தரெ இதெயா?” என்று கன்னட நர்ஸ் கேட்டால், உசிருக்கே ஆபத்தா என்று நம் பாட்டிமார்கள் மிரண்டுவிடுகிறார்கள். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. பழந்தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்தான், மறந்தது நாம்.

இரத்த அழுத்தத்தில்தான் தவறுகள் மிகுதி. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் ‘சிஸ்டாலிக்’, தளர்ந்து நிரம்பும்போது உள்ளது ‘டயஸ்டாலிக்’. நாம் மேல் பிபி, கீழ் பிபி என்கிறோம். கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் முறையை 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதாஸ்கோப்பில் முதல் ஒலி கேட்கும் இடம் மேல் எண், ஒலி அடங்கும் இடம் கீழ் எண் என்னும் முறை, 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்னதிலிருந்து வந்தது. வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் உண்டாகும் அதிர்வை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால்தான் பேசினாலும் கையை அசைத்தாலும் எண் தடுமாறுகிறது.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படியும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முன்கையை மேசையில் நீட்டி, பட்டை இதய உயரத்துக்கு வருமாறு வைத்து, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, சட்டைத் துணிமேல் அல்லாமல் தோலின்மேல் கட்ட வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிபியை உயர்த்திக் காட்டும். வாங்கும்போதே கையின் சுற்றளவை அளந்துகொண்டு போவது நல்லது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா, அதாவது அறுவையில் இணைத்த இரத்தக் குழாய், வைத்த கையில் ஒருபோதும் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். பிடித்த எண் வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியாக வந்ததை மட்டும் எழுதுவது நம் வீடுகளில் நடக்கிற காரியம். அந்த நோட்டால் மருத்துவருக்குப் பயனில்லை.

‘லோ பிபி’ என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகப் புழங்குகிறோம். தலை சுற்றினாலே அளந்து பார்க்காமல் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்துவிடுகிறோம். இதயம் பலவீனமாகி உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு அது கேடு. எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால், ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதற்குப் ‘போஸ்ட்சுரல் ஹைப்போடென்ஷன்’ என்று பெயர். நிற்கவைக்கும்போது பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் விஷயத்தில் ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் பதினொரு மணிக்கு அழைத்து, “அக்கா, அப்பாவுக்கு ஆக்சிஜன் எண்பத்தாறுதான் காட்டுது” என்றார். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்கிறாராம். கருவியின் படத்தை அனுப்பச் சொன்னேன், தலைகீழாகப் பிடித்திருந்தார். 98-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86. விரல்நுனிக் கருவியில் இரத்த ஆக்சிஜன் அளவைக் குறிக்கும் ‘எஸ்.பி.ஓ.டூ’ என்ற எழுத்தும் சதவீதக் குறியும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும், ‘பி.ஆர்.’ என்றிருப்பது நாடி எண்ணிக்கை. மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைக் குழப்பும்; டிசம்பர் மாதத்து பெங்களூர்க் காலையில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, எண் நிலைபெறும்வரை காத்திருந்து படியுங்கள். இயல்பு 95 முதல் 100 வரை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் சிலருக்கு 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவரே குறித்திருப்பார். சம்மரியில் ‘ஆர்.ஏ.’ (ரூம் ஏர்) என்றிருந்தால், ஆக்சிஜன் கொடுக்காமல் சாதாரணக் காற்றில் எடுத்த அளவு என்று பொருள்.

தொலைபேசியில் சொல்லும்போது “பிபி கொஞ்சம் ஏறியிருக்கு” என்று சொல்லாதீர்கள். “காலை ஏழு மணி, மாத்திரைக்கு முன்னால், உட்கார்ந்த நிலையில், வலது கையில் 152 பை 94, நாடி 88, ரெகுலர், மூச்சு 18, ஆக்சிஜன் 97, ரூம் ஏர்” என்று நோட்டைப் பார்த்து வாசியுங்கள். ஆனால் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, உதடு நீலமாதல் இவற்றில் எது கண்டாலும், பட்டையைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள். வண்டி வருவதற்குள் நேரம் இருந்தால் அளந்துகொள்ளலாம்.