பாடி கிட் மாட்டும்போது ஒட்டு இடத்தை மறைக்கப் போய் வண்டியைக் கெடுக்காதீர்கள்

என் மாருதி ஸ்விஃப்ட் காருக்கு பாடி கிட்டில் ஒன்றான சைடு ஸ்கர்ட் (கதவுகளுக்குக் கீழே பக்கவாட்டில் மாட்டும் அலங்காரத் துண்டு) மாட்டக் கொடுத்தபோது கடையில் நான் சொன்னது ஒன்றுதான்: "கம்பெனியிலேயே வந்த மாதிரி இருக்கணும்ண்ணே, ஒட்டே தெரியக்கூடாது." அவர்களும் மறுபேச்சில்லாமல், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும் நடுவில் இருந்த கோட்டில் பட்டியை (பூசியதும் இறுகும் பெயிண்டர் பசை) நிரப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெளியே வந்த அன்று வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரை வெயிலில் இரண்டு வாரம் நின்றது, முன் சக்கரத்துக்குப் பின்னால் தலைமுடி அளவில் ஒரு விரிசல் விட்டது. ஐப்பசி மழைக்குள் அது பின் சக்கரம் வரை ஓடிவிட்டது.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, கேட்டதே நான்தான். இரும்பும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவு விரியாது. 1.7 மீட்டர் நீள இரும்புத் தகடு 30 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளும். அதே நீளத்தில் சாதா பாலிபுரொப்பிலீன் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளும். நடுவில் கல்லாக இறுகிய பட்டி வெடிக்காமல் என்ன செய்யும்? பைபர் (கண்ணாடி நாரை ரெசினில் இறுக்கிச் செய்வது) அவ்வளவு விரியாதுதான். ஆனால் மேடுபள்ளத்தில் பாடி முறுக்கும்போது அந்த ஒட்டும் விட்டுவிடும்.

கம்பெனி பம்பர், சக்கரத்துக்கு மேல் உள்ள தகடான ஃபெண்டரைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கேயும் கோடு இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஒரு முனையில் 2 மி.மீ., மறுமுனையில் 5 மி.மீ. என்றால் பத்தடி தள்ளி நின்றே உறுத்தும். ஆக, வேலையெல்லாம் கோட்டை மூடுவதில் இல்லை, அதைச் சீராக்குவதில் இருக்கிறது.

அந்த வேலை பெயிண்டுக்கு முன்னால் முடிய வேண்டும். பலர் கிட் வந்ததும் நேராகப் பெயிண்டரிடம் அனுப்பிவிட்டு, பளபளவென்று வந்த பிறகு மாட்டிப் பார்க்கிறார்கள். பொருந்தாத மூலையை அப்போது ராவ முடியாது, இழுத்துப் பிடித்து ஸ்க்ரூ அடிக்கத்தான் முடியும். இழுத்து அடித்த பைபர் அந்த இடத்திலேயே ஒருநாள் கீறும். வெறும் கிட்டை மாஸ்கிங் டேப்பில் பிடித்து நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து மூடி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து டயர் உரசுகிறதா என்று பாருங்கள். தட்டுகிற இடத்தில் ராவி, குறைகிற விளிம்பில் பாய் மாதிரி வரும் பைபர் நாரையும் ரெசினையும் வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள். மோல்டிலிருந்து புதிதாக எடுத்த பைபர் என்றால் வளையாமல் தாங்கு கொடுத்துச் சில நாள் வெயில் காட்டுவது நல்லது. ரெசின் முழுதாக இறுகாத துண்டைப் பெயிண்ட் பூத் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் நார்ப் பின்னல் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

எமரி பேப்பரை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். பைபர் மோல்டில் ஒட்டாமல் வரவேண்டும் என்று மெழுகு தடவியிருப்பார்கள். அதைக் கழுவாமல் தேய்த்தால் கீறல்களுக்குள் மெழுகைத் திணித்ததுதான் மிச்சம். பெயிண்ட் அடித்ததும் ஆங்காங்கே மீன்கண் மாதிரிக் குழி விழும். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து மெழுகும் கிரீஸும் எடுக்கும் ரிமூவர், அப்புறம்தான் எமரி.

பிளாஸ்டிக் கிட் என்றால் பின்பக்கம் என்ன எழுத்து குத்தியிருக்கிறது என்று பாருங்கள். பி.பி. (PP, அதாவது பாலிபுரொப்பிலீன்) என்று இருந்தால் பெயிண்ட் பிடிக்க வைக்கும் அட்ஹீஷன் ப்ரோமோட்டர் அடிக்காமல் எதுவும் நிற்காது, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். ஏ.பி.எஸ். என்றால் (பிரேக் இல்லை, பிளாஸ்டிக் வகை) அவ்வளவு தொல்லை இல்லை. வளைகிற பாகத்தில் தகட்டுக்குப் போடும் பட்டியைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் பம்பருக்கென்றே வளையும் பட்டி கிடைக்கிறது.

கலர் கோட் (கம்பெனி தரும் நிற எண்) சரியாகச் சொன்னால் போதும் என்று நம்புவது அடுத்த தப்பு. எண் ஒன்றுதான், ஆனால் ஐந்து வருஷம் வெயிலில் நின்ற வண்டி அந்த நிறத்தில் இல்லையே! பெட்ரோல் டேங்க்கின் வெளி மூடியைக் கழற்றி மிக்ஸிங் கடைக்கு எடுத்துப் போங்கள். சோதனை அட்டையில் அடித்து, மேலே பூசும் நிறமில்லாத கிளியர் கோட்டிங்கும் போட்டு, வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். டியூப்லைட்டை நம்ப வேண்டாம். சில்வரும் முத்து வெள்ளையும் ரொம்பப் படுத்தும், ஸ்ப்ரே கன்னில் காற்றழுத்தம் மாறினாலே நிறம் மாறும். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பெயிண்டை மூக்கில் கைக்குட்டை கட்டி அடிப்பதை இன்னும் பார்க்கிறேன். அது நுரையீரலைப் பதம் பார்க்கும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம்.

மாட்டும்போது தகட்டில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் துருத்தடுப்பு பிரைமர் தொட்டு வையுங்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் மூன்று நாள் வாட்டர் வாஷ் வேண்டாம், முழுப் பிடிப்பு வர அவ்வளவு நேரமாகும். கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். பசையோ ஸ்கர்ட்டோ அதை அடைத்தால் உள்ளிருந்தே துரு தின்னும். நான் பட்டியைப் பிரித்தபோது இரண்டு ஓட்டை அடைபட்டு, உள்ளே சேறு நின்றிருந்தது.

முன் பம்பருக்குக் கீழே மாட்டும் லிப் வாங்குபவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். 2018 ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. விதிப்படி போட்ட வேகத்தடையே 10 செ.மீ. உயரம், நம் தெருவில் போட்டிருப்பது எந்த விதிப்படி என்பது உங்களுக்கே தெரியும். பம்பருக்குள் இருக்கும் மோதல் தாங்கும் பீமை அறுக்கச் சொன்னால் கிட்டையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. அதனால் நீள அகலம் மாறும் கிட் வேண்டாம். இன்சூரன்ஸுக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்கர்ட் மாட்டியதும் ஜாக்கி வைக்கும் இடம் மறைந்துவிடும். பஞ்சர் கடைப் பையன் அவசரத்தில் ஸ்கர்ட்டிலேயே ஜாக்கியை வைத்துத் தூக்குவான். அதனால் ஜாக்கி இடத்துக்கு நேர் கீழே, ஸ்கர்ட்டின் உள் விளிம்பில், நான் மஞ்சள் பெயிண்டில் பொட்டு வைத்திருக்கிறேன்.